இரும்பு இல்லாத ஜாடி

முதல் வாரம் நாடி பார்த்தோம்.
மணிக்கட்டில் மூன்று விரல்,
சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண்.
எனக்கு எண்பது.
டெல்பினுக்கு நூற்று நான்கு.
"ஓடி வந்திருப்பே, உட்கார்ந்து மறுபடி எண்ணு"
என்றார் லேப் மேடம்.
உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள்.
நூற்று இரண்டு.
புத்தகத்தில் எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது.
ரெக்கார்டு நோட்டில் வகுப்பு முழுக்க எழுபத்திரண்டு துடித்தது,
நாற்பத்தாறு பேருக்கும் சேர்த்து
ஒரே இதயம் வாங்கிப் போட்ட மாதிரி.

அடுத்த வாரம் செம்பருத்தி.
கிளையைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டி,
போட்டோமீட்டரில் செருகி, சந்துக்கெல்லாம் வாசலின் பூசி,
குழாய்க்குள் ஒரு குமிழி விட்டோம்.
ஃபேன் ஓடியவரை குமிழி ஊர்ந்தது.
கரண்ட் போனதும் சோம்பி நின்றது.
இலைக்குக் குடிக்கக் காற்று வேண்டும்.
எங்களுக்கோ அப்போதுதான் தொடங்கியது:
கழுத்தில், முதுகில், மேலுதட்டுக்கு மேல்.
ராயபுரத்துக் காற்றில் ஏற்கெனவே கடல் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
இன்னொரு சொட்டுக்கு இடமில்லை.
வழிவது வேறு, ஆறுவது வேறு
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
அதற்கு மார்க் கிடையாது.

ஜன்னலோரம் ஆறு ஜாடிகள், கறுப்புத் தாள் சுற்றி.
ஒவ்வொன்றிலும் ஒரு காராமணி நாற்று.
ஒன்றில் எல்லாம் உண்டு,
மற்றதில் ஏதோ ஒன்று குறையும்.
எங்கள் பங்குக்கு விழுந்தது இரும்பு இல்லாத ஜாடி.
பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை.
"நம்மள ஏமாத்துதுடி" என்றாள் டெல்பின்.
பிறகு உச்சியில் விரிந்த இலை
எலுமிச்சைத் தோல் நிறத்தில் வந்தது.
நரம்பு மட்டும் பச்சை,
தெருக்களை வரைந்துவிட்டு
வீடுகளை மறந்துபோன வரைபடம்.
கீழ் இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை.
நைட்ரஜன் என்றால் முதிர்ந்த இலை விட்டுக்கொடுக்கும்,
குருத்துக்கு ஏறிப் போகும்.
இரும்பு போகாது. முதலில் வாங்கிய இலை வைத்துக்கொள்ளும்.
அந்த வரியை டெல்பின் இரண்டு முறை படித்தாள்.
காசிமேட்டு வீட்டில் மீன் ஆய்வது அவள்தான்.
தலையும் சினையும் தட்டு தட்டாகப் போனபின்
சட்டியில் புளிக்குழம்பு மட்டும் அவளுக்காகக் காத்திருக்கும் என்று
எப்போதோ சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.
பள்ளியில் தந்த நீல மாத்திரையை
ஜன்னல் வழியே எறிந்ததையும்தான்.

ஏழாம் வாரம் சாலி குழாய்.
மோதிர விரலில் ஊசி.
அமிலத்தில் ரத்தம் டிகாக்‌ஷன் நிறமாகும்.
பக்கத்துக் கண்ணாடியின் பழுப்போடு பொருந்தும்வரை
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும்.
என் குழாய் நிறையக் குடித்தது: பதினொன்றரை.
அவளுடையது சீக்கிரமே வெளுத்துப் பொருந்திவிட்டது.
ஏழு புள்ளி எட்டு.
"குழாய சரியா கழுவல" என்று ஆரம்பித்த மேடம்
நடுவில் நிறுத்தி
கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

நூற்று நான்கு அப்போது எனக்குத் திரும்பி வந்தது.
பாதிச் சுமைதான் ஏறும் என்றால்
மீன்பாடி வண்டி என்ன செய்யும்,
இரட்டை நடை அடிக்கும்.
தூங்கும்போதும் அடித்திருக்கும்.

ஜாடியில் இரும்புக் கரைசல் ஊற்றினோம்.
அடுத்த வாரமே குருத்து பச்சை பிடிக்கத் தொடங்கியது.
அவளுக்கு அவ்வளவு சுருக்கில் நடக்கவில்லை.
ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு மாத்திரை தந்தார்கள்.
"எல்லாம் கறுப்பா போகுதுடி, தார் ரோடு போடலாம்" என்றாள்.
மீன் தலை கேட்டாயா என்றேன்.
"கேட்டேன்" என்றாள், அதற்கு மேல் சொல்லவில்லை.
ரெக்கார்டில் எழுபத்திரண்டை அடித்து
நூற்று நான்கு என்று எழுதினாள்.
சிவப்பு மையில் வந்தது: அடித்தல் திருத்தல் கூடாது.

பிராக்டிகலுக்கு முந்தின நாள்
கல்மண்டபம் நிறுத்தத்தில் கையை நீட்டினாள்.
எண்ணினேன்.
அரை நிமிடத்தில் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.
நாற்பத்துநான்கு வரை வந்திருந்தேன்.